சின்னச் சக்கரத்தில் நீண்ட தூரம்: சஸ்பென்ஷன் சீட் போஸ்ட் அனுபவங்கள்

கிராஞ்சி ரைடர் (சிங்கப்பூர்)

20 இன்ச் சக்கரம் வைத்த மடக்கு சைக்கிளில் அரைநாளுக்கு மேல் உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு, நல்ல டயருக்கு அடுத்தபடியாகக் காசு போட வேண்டிய இடம் சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்தான் என்பது என் கருத்து. குலுக்கலை உள்வாங்கும் சஸ்பென்ஷன் போஸ்ட் போட்ட பிறகு என் வார இறுதிகளே மாறிவிட்டன. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் பாதையெல்லாம் வழுவழு என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். தார்ச்சாலை அப்படித்தான். ஆனால் நாங்கள் அதிகம் ஓட்டுவது பூங்காக்களை இணைக்கும் பார்க் கனெக்டர் பாதைகளில். அங்கே தூங்குமூஞ்சி மரத்தின் வேர் பாதையை அங்கங்கே தூக்கிவிட்டிருக்கும். அப்புறம் சாக்கடை மூடிகள், பார்வையற்றோருக்காகப் பதித்த புடைப்பு ஓடுகள். 2011-இல் ரயில் நின்றுபோன பழைய மலாயா ரயில் தடத்தில் இறங்கினால் சரளையும் மண்ணும். அந்தத் தடம் மட்டுமே 24 கி.மீ. அதை முடித்துக் கடற்கரையோரமாக ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி என்று சுற்றி வந்தால், ஒரு பெரிய குழிகூட நினைவில் இருக்காது. இடுப்பு மட்டும் கழன்ற மாதிரி இருக்கும். நாள் முழுக்க வாங்கிய ஆயிரம் சின்னத் தட்டுகளின் வேலை அது.

சக்கரம் சின்னதாக இருந்தால் ஏன் அதிகம் அடிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 3 செ.மீ. உயர வேர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாதாரண சைக்கிளின் பெரிய 700சி சக்கரம் அதன்மேல் ஏறி முடிக்கச் சுமார் 14 செ.மீ. தூரம் எடுத்துக்கொள்ளும். 20 இன்ச் சக்கரத்துக்கு 12 செ.மீ., 16 இன்ச்சுக்கு 11 செ.மீ.தான். அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏற வேண்டியிருப்பதால் உதை செங்குத்தாக வருகிறது. பள்ளம் என்றால் சின்னச் சக்கரம் இன்னும் ஆழமாக உள்ளே இறங்கும்.

இது இன்று கண்டுபிடித்த விஷயம் இல்லை. மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் செய்துகொடுத்த அலெக்ஸ் மோல்டன், 1962-இல் சின்னச் சக்கர சைக்கிளைக் கொண்டுவந்தபோதே முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்துத்தான் விற்றார். நம் மடக்கு சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. அந்தக் குறையில் பாதியைத்தான் சீட் போஸ்ட் தீர்க்கும். மறுபாதி கைகளுக்கு வருவது. அதற்கு இது எதுவும் செய்யாது.

இதில் இரண்டு வகை உண்டு. குழாய்க்குள் ஸ்பிரிங் வைத்த டெலஸ்கோப்பிக் ஒன்று. இன்னொன்று நான்கு மூட்டு வைத்த இணைகர வகை. கேன் க்ரீக் தட்பஸ்டர், சன்டூர் என்சிஎக்ஸ், ரெட்ஷிஃப்ட் ஷாக்ஸ்டாப் எல்லாம் இந்த இரண்டாவது வகை. நண்பரின் டெலஸ்கோப்பிக்கில் ஒரு முழு நாள் ஓட்டிப் பார்த்தேன். பெரிய வேகத்தடையில் நன்றாக இறங்கியது. ஆனால் சின்ன வேர்களில் அசையவே இல்லை. குழாய்க்குள் குழாய் உரசும் பிடிப்பைத் தாண்டும் அளவுக்கு உதை வந்தால்தான் அது வேலை செய்யத் தொடங்குகிறது. நமக்குத் தொல்லை தருவதோ அந்தச் சின்ன உதைகள்தான். இணைகர வகை மூட்டுகளில் சுழல்வதால் சின்னதற்கும் அசையும். சீட் கீழே போகும்போது கொஞ்சம் பின்னாலும் போகும். உதை வருகிற திசையும் ஏறக்குறைய அதுதான். பெடலுக்கும் சீட்டுக்கும் உள்ள தூரமும் அவ்வளவாகக் குறையாது.

எடை கூடும், உண்மை. மடக்கிய பிறகு எம்.ஆர்.டி. ரயிலில் அனுமதிக்கும் 120 x 70 x 40 செ.மீ. அளவுக்குள் வருகிறதா என்று டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். என்னுடையது வந்துவிட்டது.

ஈசிஆர் இருபது (சென்னை)

அண்ணா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். என் கதை கொஞ்சம் வேறு. என் எடை 90 கிலோவுக்கு மேல். திருவான்மியூரில் விடியுமுன் கிளம்பி மாமல்லபுரம் போய், இட்லி சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்புகிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஈசிஆரில் வேர் கிடையாது. வேகத்தடைக்கு முன்னால் வரிவரியாகப் போட்டிருக்கும் பட்டைகள்தான் உயிரை எடுக்கும். ஓரத்தில் ஒட்டுப்போட்ட தார் வேறு.

டெலஸ்கோப்பிக் போஸ்ட்தான் இங்கே கடைகளில் எளிதாகக் கிடைத்தது. அதோடு வந்த ஸ்பிரிங் என் எடைக்கு மெத்தென்று போய், உட்கார்ந்த உடனே முக்கால்வாசி இறங்கிவிட்டது. வரிப்பட்டையில் அடி தட்டும் சத்தம் கேட்டது. கடைக்காரர் அடியில் இருக்கும் திருகை இறுக்கினால் சரியாகும் என்றார். திருகை இறுக்கினால் ஸ்பிரிங் கொஞ்சம் தாமதமாக அமுங்கத் தொடங்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் பலம் கூடாது. நம் எடைக்கான ஸ்பிரிங்கைத் தனியாக வரவழைத்துப் போட்ட பிறகுதான் போஸ்ட் என்ற ஒன்று இருப்பதே உறைத்தது. வரிப்பட்டைகளில் இப்போது எழுந்து நிற்பதில்லை, உட்கார்ந்தபடியே மிதிக்கிறேன். என்னைப் போல் கனமான ஆட்கள் போஸ்ட் வாங்குமுன் கடினமான ஸ்பிரிங் அல்லது ரப்பர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஒரு சந்தேகம். இணைகர வகைக்கு மாறலாம் என்று பார்த்தால், பெரும்பாலும் 27.2 மி.மீ. விட்டம், நீளமும் 35 செ.மீ.தான் வருகிறது. என் மடக்கு சைக்கிளின் போஸ்டோ தடிமன், நீளமும் அதிகம். நீங்கள் எப்படிப் பொருத்தினீர்கள்?

பதினாறு இன்ச் (லண்டன்)

என்னிடம் இருப்பது பிறம்ப்டன் மடக்கு சைக்கிள், 16 இன்ச். அதன் போஸ்ட் 31.8 மி.மீ. மடிக்கும்போது முழுதாகக் கீழே இறங்கினால்தான் மடிப்பு பூட்டிக்கொள்ளும். அதனால் இங்கே நீங்கள் கதைக்கிற இணைகரப் போஸ்டை நான் தொடவில்லை. பின்னால் ஏற்கெனவே ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது, அதில் சாதாரணமும் கடினமும் என்று இரண்டு வகை உண்டு. நான் கடினத்தைக் கழற்றிச் சாதாரணத்தைப் போட்டேன். ஸ்பிரிங் வைத்த புரூக்ஸ் ஃபிளையர் தோல் சீற்றும் வாங்கினேன். கனம்தான், ஆனால் மடிப்புக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

இரண்டையும் வைத்து டன்விச் டைனமோ ஓடினேன். லண்டனிலிருந்து சஃபோக் கடற்கரைக்கு இரவு முழுக்க ஓடுகிற ஓட்டம், கிட்டத்தட்ட 180 கி.மீ. இருட்டில் கிராமத்துப் பாதைகளில் எந்தப் பள்ளமும் முன்கூட்டித் தெரியாது. எழுந்து நிற்க நேரம் கிடைக்காத அந்த இடங்களில்தான் சஸ்பென்ஷனின் அருமை விளங்கியது. விடியும்போது முதுகு சுகமாக இருந்தது. கைகள்தான் விறைத்துப் போயின. கிராஞ்சி அண்ணா சொன்ன அந்த மறுபாதி!

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உட்காரும் இடம் மரத்துப்போகிற பிரச்சினை இருப்பவர்கள் போஸ்டில் காசைச் செலவழிக்க வேண்டாம். அது சீற்றின் அகலம், சாய்வு, உயரம் சம்பந்தப்பட்டது. உதை வேறு, அழுத்தம் வேறு.

கிராஞ்சி ரைடர் (சிங்கப்பூர்)

லண்டன் தோழி சொன்ன கடைசி விஷயம் மிக முக்கியம். நன்றி.

சென்னைத் தம்பிக்கு: டாஹோன், டெர்ன் போன்ற மடக்கு சைக்கிள்களில் பெரும்பாலும் 33.9 மி.மீ. போஸ்ட்தான். உங்களுடையதைக் கழற்றி, வெர்னியர் காலிபர் வைத்து அளந்துவிடுங்கள். பல போஸ்ட்களில் அளவு அடியிலேயே பொறித்திருக்கும். வெளியே 33.9, உள்ளே 27.2 என்று இருக்கும் நீளமான அடாப்டர் குழாய் கிடைக்கிறது. அதற்குள் சஸ்பென்ஷன் போஸ்டைச் செருகிப் பிடிக்க வேண்டும். இடைவெளியை நிரப்பும் குட்டையான ஷிம் துண்டைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். 35 செ.மீ. போஸ்டை மடக்கு சைக்கிளில் முழு உயரத்துக்கு இழுத்தால் உள்ளே பிடிமானம் போதாது, போஸ்டே உடையலாம். குறைந்தபட்சம் செருக வேண்டிய கோடு போஸ்டிலும் இருக்கும், அடாப்டரிலும் இருக்கும். இரண்டும் உள்ளே மறைந்திருக்க வேண்டும். உங்கள் எடைக்கு இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. போஸ்டுக்கு எத்தனை கிலோ வரை அனுமதி என்பதையும் பாருங்கள்.

பொருத்திய பிறகு, சைக்கிளில் உட்கார்ந்து சீட் எவ்வளவு இறங்குகிறது என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். மொத்தம் 40 மி.மீ. வரை இறங்கக்கூடிய போஸ்டில் 6 முதல் 8 மி.மீ. இறங்கினால் போதும். இறங்குகிற அந்த அளவுக்கு போஸ்டை உயர்த்தி வையுங்கள், இல்லையென்றால் முட்டி வலிக்கும். மிதிக்கும்போது சீட் குதித்தால் ஒரு கியர் இறக்கி, வேகமாகச் சுற்றி மிதியுங்கள். கனமான கியரில் அழுத்தி மிதிக்கிறவர்களுக்குத்தான் அது அதிகம் குதிக்கும்.

டெலஸ்கோப்பிக்கையே வைத்துக்கொள்வதாக இருந்தால், அடியில் இருக்கும் திருகு குழாயின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரைச் சாலையில் ஓட்டுவதால் உப்புக் காற்றுக்கு மாதம் ஒருமுறை துடைத்து கிரீஸ் போட வேண்டியிருக்கும். அடாப்டர் அளவு தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், கடையில் பார்த்துச் சொல்கிறேன்.