மறு: மறு: கழுத்தால வர்ற தலைவலிக்கு ஒரு பேரு வேணும் (வியாழக்கிழமைக்குள்ள)

வணக்கம். ஞாயித்துக்கிழமை மலேசியா சுங்கை சிப்புட்ல கோயில் மண்டபத்துல மருத்துவ முகாம், நோட்டீஸ் வியாழக்கிழமை பிரிண்டுக்கு போவணும். செம்பனை (பாமாயில் மரம்) குலை வெட்டுறவங்க நாள் முழுக்க அண்ணாந்தே நிக்கிறாங்க, சாயங்காலம் பிடரியில ஆரம்பிச்சு ஒரு பக்கமா ஏறி கண்ணுக்குப் பின்னால குத்துது, பனடோல் போட்டுட்டு மறுநாளும் அதே கதை. 1983ல நார்வே டாக்டர் ஷோஸ்டாட் இதை 'செர்விகோஜெனிக் ஹெடேக்'னு தனியா பிரிச்சு எழுதினாரு. நான் இப்போதைக்கு 'கழுத்துவழித் தலைவலி'ன்னு போட்டிருக்கேன். சரியா?
- தம்பி

தம்பி, நம்ம ஊர்ல ழகரம் படுற பாடு தெரியாதா? 'களுத்துவளி தலைவளி'ன்னு படிப்பாங்க, வழி எது வலி எதுன்னு யாருக்கும் புரியாது. பிடர்னு அருமையான சொல் இருக்கு. சிலம்புல வழக்குரை காதையிலயே 'பிடர்த்தலைப் பீடம் ஏறிய' கொற்றவை வர்றா, எருமைத்தலை மேல நிக்கிறவ. பிடர், பிடரி, பிடி எல்லாம் ஒரே வேர்னுதான் நான் சொல்லுவேன், பூனை குட்டியைக் கவ்வுற இடமும் அதுதானே, பாகன் யானை மேல உக்கார்ற இடமும் அதுதானே. 'பிடரித் தலைவலி'ன்னே போடுங்க.
- வாத்தியார்

ஐயா, பூனையை விடுங்க. பிடரி நரம்பு வலின்னு வேற ஒண்ணு இருக்கு, இந்தப் பேரைக் கொடுத்துட்டா அதுக்கு என்ன செய்யறது? நமக்கு வேண்டியது வலி கிளம்புற இடத்தோட பேரு. கழுத்து நரம்புல மேல உள்ள 3 ஜோடியும் முகத்து உணர்ச்சி நரம்பும் உள்ளுக்குள்ள ஒரே இடத்துல போய் சேருது, அதான் கழுத்துல கோளாறுன்னா கண்ணு வலிக்குது. நேத்து நான் நர்ஸா இருக்கிற கிளினிக்ல ஒரு பாட்டிகிட்ட கேட்டேன், "கழுத்துப் பிடிச்ச மண்டையிடி, இதுக்கு என்ன ஆராய்ச்சி"ன்னுட்டாங்க.
- மிஸ்ஸி

எங்க தாத்தா யாழ்ப்பாணத்துல இருந்து கிராணி (குமாஸ்தா) வேலைக்கு வந்தவரு, எங்க வீட்ல இன்னிக்கும் தலையிடிதான். அதையும் கணக்குல எடுங்க. ஒரு நண்பர் தனி மடல்ல 'கந்தரத் தலைவலி'ன்னு சொன்னாரு, கந்தரம்னா கழுத்துதான், ஆனா கோயில் மண்டபத்துல ஒட்டினா முருகனுக்கே தலைவலி போலன்னு நினைப்பாங்க லா.
- கிராணி பேரன்

பேரு இருக்கட்டும், நோட்டீஸ்ல உள்ள பயிற்சியைப் பாருங்க. 'நாடியை உள்ளே இழுக்கவும்'னு இருக்கு, பாதிப் பேரு மணிக்கட்டைப் பிடிப்பாங்க. 'மோவாயை நேர் பின்னால இழுத்து 5 விநாடி வச்சு விடுங்க, 10 தடவை, குனிய வேண்டாம்'னு மாத்துங்க. சுடுதண்ணி ஒத்தடம் சரி. முடிவெட்டுற கடையில கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்க விடாதீங்கன்னு பெருசா போடுங்க, ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்ததுண்டு. காய்ச்சலோட கழுத்து விறைச்சாலோ, கை கால் மரத்தாலோ, இடி விழுந்தாப்ல திடீர்னு தலைவலி வந்தாலோ நேரா ஆஸ்பத்திரிக்கு.
- மிஸ்ஸி

சரிங்க, கையெண்ணிக்கைக்கு 'கழுத்துவழித் தலைவலி' 4, பிடரி 2, மத்தவங்க தூங்கிட்டாங்க. தலைப்புக்குக் கீழ சின்ன எழுத்துல பாட்டி சொன்னதையும் சேத்துட்டேன். மணி ஒண்ணாச்சு, எனக்கே பிடரி இழுக்குது.
- தம்பி

பாத்தியா, இப்ப மட்டும் பிடரி வருது. என் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கு. 'வழித்'ல அந்த 'த்'தை அச்சுக்கடைக்காரன் முழுங்கிடப் போறான், ஒரு தடவை பாத்துக்க.
- வாத்தியார்