மறு: டெக் தேய்க்கும் கல்லுக்குப் ‘புனிதக்கல்’ சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

> பாய்க்கப்பலின் டெக்கை, அதாவது மேலே நடமாடும் பலகைத் தளத்தைத் தேய்க்கும் கல்லுக்கு ஆங்கிலத்தில் ஹோலிஸ்டோன் என்று பெயர். ‘புனிதக்கல்’ என்று நம் கப்பல் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. அந்தக் கல்லில் புனிதம் எதுவும் கிடையாது, சாதாரண மணற்கல்தான். பிரிட்டிஷ் கடற்படையின் பாய்க்கப்பல்களில் காலையில் டெக்கில் தண்ணீர் விட்டு, மணல் தூவி, மாலுமிகள் வரிசையாக முட்டி போட்டு அந்தக் கல்லால் பலகையைத் தேய்ப்பார்கள். பார்க்க ஜெபம் பண்ணுகிற மாதிரி இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். பெரிய கல்லுக்கு ‘பைபிள்’, மூலைமுடுக்குக்கான சின்னக் கல்லுக்கு ‘ஜெபப் புத்தகம்’ என்று பட்டப்பெயர்களும் உண்டு. எல்லாம் முட்டி வலித்தவர்களின் கிண்டல். ‘புனிதக்கல்’ என்று எழுதினால் மஞ்சள் குங்குமம் வைத்த கல்தான் மனதில் வரும்.

என் பரிந்துரை ‘மண்டிக்கல்’. மண்டியிட்டுத் தேய்க்கிற கல். கிண்டல் முழுக்க வராவிட்டாலும் முட்டிவலியாவது சொல்லுக்குள் வந்துவிடுகிறது. அரிசி மண்டி ஞாபகத்துக்கு வருகிறதே என்று யாராவது கேட்பீர்கள். வரட்டும், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

> மற்ற வேலைக்கெல்லாம் ‘தேய்த்தல்’ ஒன்றே போதுமே.

போதாது. நான் இரண்டு வருடம் ஒரு பாய்ப்படகில் வேலை பார்த்தவன். தேக்கு டெக். சேர்ந்த முதல் வாரம், வீட்டு வாசலைத் தேய்க்கிற வேகத்தில், முரட்டு பிரஷால் பலகையின் நீளவாட்டிலேயே தேய்த்துத் தள்ளினேன். பளிச்சென்று வெளுத்தது. கேப்டன் வந்து பார்த்தார், ஒன்றும் திட்டவில்லை. குனிந்து விரலால் தடவிப் பார் என்றார். தடவினால் வரிவரியாகப் பள்ளம். தேக்கில் கெட்டி வரியும் மெத்தென்ற வரியும் மாறி மாறி ஓடும். நீளவாட்டில் தேய்த்தால் பிரஷ் மெத்தென்ற வரியைத் தோண்டி எடுத்துவிடும். அதனால் மிருதுவான பிரஷும் கடல் தண்ணீருமாகக் குறுக்கேதான் தேய்க்க வேண்டும். சாம்பல் நிறம் படிந்தால் படியட்டும், அது அழுக்கு இல்லை, வெயில் பட்ட தேக்கின் நிறமே அதுதான்.

பலகை இளைத்தால் அதோடு நிற்காது. சந்துகளில் அடைத்த கறுப்புப் பசை பலகைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். திருகாணித் தலையை மூடியிருக்கும் மரத்தக்கை ஒருநாள் கழன்று பிரஷோடு வந்துவிடும். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அடியில் இருப்பதை ஊறவைக்கும். தண்ணீரை அழுத்தத்தில் பீய்ச்சும் பிரஷர் வாஷர் அடித்தால் இன்னும் சீக்கிரம்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். தினசரி வேலைக்குக் ‘குறுக்குத்தேய்ப்பு’. மண்டிக்கல்லால் பலகையின் மேல்தோலையே எடுக்கிற வேலைக்கு ‘மண்டிக்கல்லிடுதல்’. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால், படித்துவிட்டு வேலை செய்கிறவன் நான் செய்ததைத்தான் செய்வான்.

சந்து அடைப்பதற்குப் புதுச்சொல் தேடவேண்டாம். தோணி கட்டுகிறவர்களிடம் ‘கலப்பத்து’ இருக்கிறது. போர்ச்சுகீசியச் சாயல் அடிக்கிறது என்று தள்ளினால் நமக்குத்தான் நஷ்டம். நம் பக்கத்துத் தேக்கும் போர்ச்சுகீசியர் வாய்வழியாகத்தானே ஆங்கிலத்துக்குப் போய் ‘டீக்’ ஆனது? திருகோணமலையின் பெயர் வைத்து 1817-இல் பம்பாயில் மிதக்கவிட்ட டிரிங்கோமலி போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. அதன் உடம்பும் தேக்குதான்.

- - -

அண்ணா, மண்டிக்கல் பிடித்திருக்கிறது. ஆனால் டெக்கையே என்ன செய்வது? இணையதளம், விமானதளம் என்று ‘தளம்’ ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறது. ‘மேல்தட்டு’ என்று வைக்கலாமா?

- - -

தம்பி, ‘மேல்தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள், புரட்சி அழைப்பு மாதிரி இருக்கிறது. நான் ‘கப்பல்தட்டு’ என்று போட்டிருக்கிறேன். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், இரண்டும் பழைய சொற்கள், அப்படியே இருக்கட்டும். ‘அணியத்தில் தொடங்கி அமரம் வரை கப்பல்தட்டைக் குறுக்குத்தேய்ப்பு செய்க’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் இடறவில்லை. ஓரத்தில் தண்ணீர் வெளியேறும் துளைக்குத் ‘தூம்பு’ என்று குறித்திருக்கிறேன். அதற்கு ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், பட்டியலை அன்றுதான் ஏற்றுகிறேன்.