மணலுக்கும் சரளைக்கும் டயர் காற்றழுத்தம் எவ்வளவு?

கேள்வி:
என் நான்கு சக்கர இயக்க வண்டியின் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள தாளில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) என்றிருக்கிறது. டயரின் பக்கச்சுவரிலோ 50 என்று அச்சாகியுள்ளது. கரடுமுரடான பாதைகளுக்கு எதை அடிப்படையாகக் கொண்டு, எவ்வளவு குறைக்க வேண்டும்?

பதில் 1:
பக்கச்சுவரில் இருப்பது அந்த டயருக்கான உச்ச வரம்பு; நிரப்ப வேண்டிய அளவன்று. டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்த 33-ஐயே தார்ச்சாலைக்கான அடிப்படையாகக் கொள்ளுங்கள். சரளையில் 25, இளகிய மணலில் 16 முதல் 18 வரை எனத் தொடங்கலாம். காற்றைக் குறைக்கும்போது டயரின் தரைபடும் பகுதி அகலத்தைவிட நீளவாக்கில்தான் அதிகம் விரிகிறது. எடை பரவுவதால் சக்கரம் மணலைத் தோண்டாமல் மேலே ஏறிச் செல்கிறது. பின்புறம் சுமை மிகுதியாக இருந்தால் பின் டயர்களில் சற்றுக் கூடுதலாக வையுங்கள்.

பதில் 2:
பாறைப் பாதையில் இந்த அளவுக்கு இறங்க நான் தயங்குவேன். புடைத்து நிற்கும் பக்கச்சுவரைக் கூர்மையான கல் எளிதில் கிழித்துவிடும். அங்கே ஒட்டுப் போட்டும் பயனில்லை. மேலும் 15-க்குக் கீழே போனால், வேகமாகத் திருப்பும்போது டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும்.

பதில் 3:
மீண்டும் காற்றடிக்கக் கையில் கம்ப்ரசர் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். குறைந்த அழுத்தத்துடன் தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினால், பக்கச்சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறி, டயர் வெடிக்கும் அபாயம் உண்டு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அளவுமானியை எப்போது பயன்படுத்துவது? ஓடிய உடனேயே அளக்கலாமா?

பதில் 1:
சூட்டில் அளவு சில பிஎஸ்ஐ கூடுதலாகவே காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்க வேண்டாம்.