வீடியோ நேர்காணல்: முகம் இருட்டு, படத்தில் கோடுகள்

கேள்வி: வியாழக்கிழமை ஜூமில் நேர்காணல். லேப்டாப் கேமராவில் முகம் கறுத்துத் தெரிகிறது. டியூப்லைட் போட்டால் கோடு கோடாக ஓடுகிறது. மூக்குக்கண்ணாடி வேறு பளபளக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: முதுகுப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா? அந்த வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா படத்தின் பிரகாசத்தைக் குறைக்கும், முகம் இருண்டுவிடும். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். கோடுகளுக்குக் காரணம் மின்சாரம். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 சுழற்சி); கேமரா 60-இல் இருந்தால் ஒத்துப்போகாது. கேமரா அமைப்புகளில் 'பவர்லைன் ஃப்ரீக்வென்சி' இருந்தால் 50 ஆக்குங்கள். பழைய சோக் டியூப்லைட் என்றால் இந்தத் தொல்லை அதிகம்.

பதில் 2: ரிங்லைட் வாங்க ஓடாதீர்கள், கண்ணாடியில் வட்டமாக விழும். விளக்கு கண் மட்டத்துக்கு மேலே, சுமார் 45 டிகிரி பக்கவாட்டில் இருக்கட்டும். திரையின் வெள்ளைப் பக்கமும் பிரதிபலிக்கும், வெளிச்சத்தைக் குறையுங்கள்.

பதில் 3: லேப்டாப்புக்கு அடியில் நாலைந்து தடிப் புத்தகம் வையுங்கள், கேமரா கண்ணுக்கு நேரே வரணும். இல்லாவிட்டால் மூக்குத் துவாரமும் மின்விசிறியும்தான் தெரியும். திரையில் ஜூம் பெட்டியைச் சிறிதாக்கி கேமராவுக்குச் சற்றுக் கீழே வையுங்கள், பார்வை கேமராப் பக்கம் இருக்கும். பொடிக்கட்டம் போட்ட சட்டை வேண்டாம், படத்தில் நெளியும்.

கேட்டவர்: 50-க்கு மாற்றியதும் கோடு போய்விட்டது. நன்றி!