டிவிசி எடுத்த பிள்ளைகள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

நார்த் ஷோர் அம்மா

மகன் பன்னிரண்டாம் ஆண்டு, டிவிசி லெவல் 2. டிவிசி என்றால் டிசைன் அண்ட் விஷுவல் கம்யூனிகேஷன், இங்கே நியூசிலாந்துப் பள்ளிகளில் வரும் வரைபட வடிவமைப்புப் பாடம். வொர்க்கிங் டிராயிங்கை மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். சாப்பாட்டு மேசை முழுக்க ஏ3 தாள். இவர் வேலை முடிந்து வந்தார், எட்டிப் பார்த்தார். "டேய், பிளான் எலிவேஷனுக்குக் கீழேதானே வரணும், மேலே போட்டிருக்கே?" என்றார். பிளான் என்றால் மேலிருந்து பார்த்த தோற்றம், எலிவேஷன் முன்னாலிருந்து பார்த்தது. இவர் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்தவர், டிராயிங்கில் கைதேர்ந்தவர். "இல்லப்பா, இங்கே இப்படித்தான்" என்று மகன் சொன்னான். இவர் கேட்கவில்லை, ரப்பரை எடுத்து அழிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

மகன் தடுக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. கையைக் கட்டிக்கொண்டு, தன் பிளான் அழிவதைப் பார்த்தபடியே நின்றான். கோடு போனாலும் 2எச் பென்சில் அழுந்திய தடம் தாளில் அப்படியே இருந்தது. அப்புறம் டீச்சர் கொடுத்த குறிப்பை எடுத்து நீட்டினான். இங்கே பள்ளியில் தேர்ட் ஆங்கிள் முறை, பிளான் மேலே வரும்; நம் ஊரில் இவர் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள், பிளான் கீழே வரும். இவர் ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துவிட்டார். பிள்ளை அந்தத் தடத்தின் மேலேயே மறுபடி கோடு போட்டு முடித்தபோது நடுராத்திரி தாண்டிவிட்டது.

சைட் இன்ஜினியர்

அம்மா, அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போனது. எங்கள் வேலையில் வெளிநாட்டு சப்ளையரிடமிருந்து ஃபர்ஸ்ட் ஆங்கிளில் ஒரு டிராயிங் வந்தது. இங்கே பட்டறையில் அதைத் தேர்ட் ஆங்கிள் என்று படித்துவிட்டார்கள். பிராக்கெட் வந்து இறங்கியது, தூணில் வைத்துப் பார்த்தால் போல்ட் துளைகள் எல்லாம் எதிர்ப்பக்கம். அச்சு அசல் கண்ணாடி பிம்பம். ஃபோர்மேன் அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

வீட்டில் டிராயிங் தெரிந்தவர்கள் இருந்தால் இதைக் கவனியுங்கள். தாளின் ஓரத்தில் வெட்டிய கூம்பும் அதன் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்களும் இருக்கும். எந்த முறை என்று காட்டும் சின்னம் அது. கூம்பின் சிறிய முனை இடப்பக்கம் பார்த்திருக்க, வட்டங்கள் கூம்புக்கு இடப்பக்கம் இருந்தால் தேர்ட் ஆங்கிள், வலப்பக்கம் இருந்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள். அதைப் பார்க்காமல் பென்சிலைத் தொடக் கூடாது. பிள்ளைக்குப் புரியவைக்க, பொருளை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததாக நினைக்கச் சொல்லுங்கள். மேலிருந்து தெரிவது மேல் கண்ணாடியில் பதியும். பெட்டியை விரித்தால் பிளான் மேலே, எலிவேஷன் கீழே. அவ்வளவுதான் தேர்ட் ஆங்கிள். ஃபர்ஸ்ட் ஆங்கிளில் பொருள் நமக்கும் தாளுக்கும் நடுவில் இருக்கிறது, அதனால் மேலிருந்து பார்த்தது பொருளைத் தாண்டிக் கீழே போய் விழுகிறது. இரண்டும் சரியான முறைகள். ஒரே தாளில் கலந்தால்தான் ஆபத்து.

கினா பொண்ணு (பதிமூன்றாம் ஆண்டு)

எனக்கு நடந்தது வேறு. லெவல் 3இல் ஐடியாக்களைத் தேடிப் போகிற ஸ்டாண்டர்ட் (தனியாக மதிப்பிடும் பகுதி) ஒன்று இருக்கிறதே, அதில் எடுத்ததும் கட்டடத்தை வரைந்தால் வேலைக்கு ஆகாது. நான் கடற்கரையில் கிடந்த ஒரு கினா (இங்கத்திய கடல் முள்ளெலி) ஓட்டில் தொடங்கினேன். ஐந்து பிரிவாக ஓடும் அந்தப் புள்ளி வரிசைகளை வரைந்தேன். ஓட்டைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று வரைந்தேன். மேலே டிரேசிங் தாளை வைத்துச் சில கோடுகளை மட்டும் எடுத்தேன்.

மாமா வந்திருந்தார். ஃபைலைப் புரட்டிவிட்டு, எல்லார் முன்னாடியும், "என்னம்மா இது, பாட்டனியா? இந்தக் கிறுக்கலுக்கு மார்க் வேற போடுறாங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் கையில் இருந்த தாள் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அப்படிப் பார்த்தபோதுதான் அந்த வெட்டுத்தோற்றம் ஒரு பஸ் நிறுத்தத்தின் கூரை மாதிரி, நடுவில் மழைநீர் இறங்க வழியோடு தெரிந்தது. தாளை வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டேன். அந்தக் கூரைதான் இப்போது என் ஸ்பேஷியல் டிசைன், அதாவது கட்டட வடிவமைப்பு வேலை. ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் காதில் கேட்கிறது.

ஆர்க்கிடெக்சர் அக்கா

கினா பொண்ணு, மாமாவை விடு. அந்தத் தலைகீழ்த் தாளை ஃபைலில் அப்படியே வை, நல்ல பிரதி எடுக்காதே. எங்கள் வகுப்பில் ஒருத்தி எல்லாவற்றையும் அழகாகத் திரும்ப வரைந்து, பழைய தாள்களைக் குப்பையில் போட்டாள். டீச்சர் கூடையிலிருந்து கசங்கிய தாள்களைப் பொறுக்கி, உள்ளங்கையால் நீவி, அவள் ஏ3 தாளில் ஒட்டினார்.

சைட் இன்ஜினியர் சார், கண்ணாடிப் பெட்டி எல்லாம் சரி. ஆனால் பெற்றோர் பென்சிலையே தொடக் கூடாது என்பது என் கட்சி. சின்னத்தைப் பார்த்துவிட்டாலும் சரி, தொடவே கூடாது. அது பிள்ளையின் சொந்த வேலையாக இருந்தால்தான் மதிப்பீட்டுக்கே போகும்.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பல்கலைக்கழக நுழைவுக்கு, அங்கீகரித்த மூன்று பாடங்களில் ஒவ்வொன்றிலும் லெவல் 3இல் 14 கிரெடிட் வேண்டும். டிவிசி அந்தப் பட்டியலில் இருக்கிறது. "டிராயிங் கிளாஸ்தானே, விட்டுடு" என்று சொல்லும் உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள். விஷுவல் ஆர்ட்ஸில் வரும் டிசைன் வேறு பாடம், அதுவும் பட்டியலில் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அட்டை மாடல் செய்தால் ஒட்டு விடுவதற்குள் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். அந்தப் படத்தை ஸ்கெட்ச் பக்கத்தில் ஒட்டி, மாடல் செய்த பிறகு எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். ரெண்டரிங்கில், அதாவது படத்துக்கு வண்ணமும் நிழலும் கொடுப்பதில், மினுக்குவதற்கு முன்னால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவு செய்யுங்கள்.

யாழ்ப்பாணத்து அப்பா

மகள் லெவல் 2இல் டிசைன் இயக்கம் ஒன்றை எடுத்துச் செய்ய வேண்டியிருந்தது. வகுப்பில் பாதிப் பேர் பௌஹவுஸ், இவள் ஆர்ட் டெக்கோ. நேப்பியருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் படம் எடுத்துத் தள்ளுகிறேன், இவள் ஒரு சுவருக்கு முன்னாலேயே நிற்கிறாள். அதில் இருந்த சூரியக்கதிர் வேலைப்பாட்டின் விளிம்பில் விரலை வைத்து, "அப்பா, இங்க பாருங்கோ, என்ர விரல் தடிப்புக்கூட இல்லை" என்றாள். அந்த ஊரை இடித்துப்போட்ட 1931 பெப்ரவரி 3 ஹாக்ஸ் பே பூகம்பத்தில் 256 பேர் இறந்தார்கள். பழைய கட்டடங்களில் துருத்திக்கொண்டிருந்த கனமான அலங்காரங்கள் உடைந்து வீதியில் விழுந்தன. அதனால் திரும்பக் கட்டியபோது கொங்கிரீட் சுவரோடு ஒட்டியபடி தட்டையாக அலங்காரம் வைத்தார்கள். செலவும் குறைவு. நான் அதுவரை அதை வெறும் சோடனை என்றுதான் பார்த்திருந்தேன். டீச்சர் அவளுடைய தாளில் பாராட்டி எழுதியிருந்தது படத்தைப் பற்றி இல்லை, அந்தத் தடிப்பைப் பற்றி அவள் எழுதிய குறிப்பைப் பற்றித்தான்.

லெவல் 3 வருமா

சுருக்கமாகச் சொல்கிறேன். வகுப்புக்குப் போதிய பிள்ளைகள் சேரவில்லை, அடுத்த வருடம் லெவல் 3 டிவிசி நடக்காது என்று பள்ளி நடைபாதையில் வைத்தே மகளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் கையில் ஏ3 ஃபோல்டர். "அப்போ இதை எங்கே கொண்டு போறது?" என்று கேட்டிருக்கிறாள், பதில் இல்லை. தே குரா என்ற தொலைவழிப் பள்ளி வழியாகத் தொலைவிலிருந்து டிவிசி படித்த பிள்ளைகள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? மாடல், வொர்க்கிங் டிராயிங் எல்லாம் டீச்சர் எப்படிப் பார்த்துத் திருத்தினார்கள்? பாடத் தெரிவுப் படிவம் இந்த வாரமே கொடுக்க வேண்டும்.