1912-இல் நியூயார்க் வந்த சிசிலிப் பாட்டி: கதையில் எது இடிக்கிறது?

தறிக்காரன்:
நாவலில் வரும் பாட்டிக்காக விவரம் சரிபார்க்க வேண்டும். 1890-இல் சிசிலியில் பிறந்தவர். 1912-இல் இரண்டு பிள்ளைகளோடு, முன்பே நியூயார்க் போய்விட்ட கணவரிடம் வந்து சேர்கிறார். கதை 1942 வரை ஓடுகிறது. இப்போதைக்கு வரைவில் இருப்பவை:

1. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறுவோரைச் சோதிக்கும் நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரி அவர் குடும்பப் பெயரை வெட்டிச் சுருக்குகிறார்.
2. கணவர் கட்டட வேலைக்குப் போகிறார். பாட்டி வீட்டோடு இருந்து சமைக்கிறார்.
3. ஞாயிற்றுக்கிழமை தக்காளி சாஸ், ஊரில் அவருடைய அம்மா வைத்த அதே பக்குவம்.
4. போர் வரும்போது பாட்டி அமெரிக்கக் குடிமகள்.

எது தப்பு? சாஸ் வைக்கும் காட்சி இரண்டு பக்கம் போகிறது. அளவோடு சொன்னால் உதவி.

கப்பலேடு:
முதலாவதைத் தூக்கிவிடுங்கள். பயணிகள் பட்டியல் எல்லிஸ் தீவில் எழுதப்பட்டதல்ல. பலெர்மோவிலோ நேப்பிள்ஸிலோ கப்பல் ஏறும்போதே கம்பெனி எழுத்தர் எழுதியது. தீவில் இருந்தவர்கள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர் உதவியோடு கேள்வி கேட்டுச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர் குறுகியதெல்லாம் பின்னால் பள்ளிக்கூடத்திலும் வேலையிடத்திலும், அல்லது அவரவரே மாற்றிக்கொண்டது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இத்தாலியப் பதிவுகளில் பெண்ணுக்குச் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயர்தான். பட்டியலில் பாட்டி தன் அப்பாவின் குடும்பப் பெயரில் இருப்பார். அடுத்த வரிகளில் பிள்ளைகள் கணவரின் குடும்பப் பெயரில் வருவார்கள். தாத்தா பெயரை வைத்துத் தேடி, "பாட்டி வந்ததற்கே பதிவில்லை" என்று பலர் கைவிடுவது இதனால்தான்.

தனியாக வரும் பெண்ணை உடனே வெளியே விடமாட்டார்கள். கணவர் நேரில் வர வேண்டும், அல்லது தந்தியோ பணமோ வந்து சேர வேண்டும். அதுவரை தடுத்து வைக்கப்பட்டோர் தாளில் பெயர் ஏறும். அதில் காரணம், உறவினர் முகவரி, எத்தனை வேளை சாப்பிட்டார்கள் என்பதற்குக்கூடக் கட்டம் உண்டு. பெயர் மாற்றும் நாடகத்தைவிட இந்தக் காத்திருப்பில் உங்களுக்குக் கதை இருக்கிறது. கண் இமையைப் புரட்டி டிரக்கோமா என்ற தொற்றுக் கண்நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைக்கு அது இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், துணைக்குப் பெரியவர் ஒருவரும் கப்பல் ஏற வேண்டும்.

பிள்ளைகள் பெயரையும் பாருங்கள். முதல் மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், முதல் மகளுக்கு அப்பாவழிப் பாட்டி பெயர். அடுத்த மகனுக்கும் மகளுக்கும் அம்மாவழியினர் பெயர். பேரன் என்ற சொல்லுக்கே பொருந்திய வழக்கம்.

நூல்கண்டு:
இரண்டாவதும் நிற்காது. அந்தக் காலத்துக் குடியிருப்பில் சமையலறை என்பதே பட்டறை. கால்சட்டைக்கு உள்துணி தைப்பது, ஓரம் மடிப்பது, பொத்தான் வைப்பது எல்லாம் கைத்தையலாக வீட்டுக்கு வரும். இல்லையென்றால் துணிப்பூ. இதழைக் காம்பில் கோத்துப் பசை தொட்டு ஒட்டுவார்கள். கூலி குரோஸ் கணக்கில், அதாவது 144 பூவுக்கு இவ்வளவு என்று. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் அதே மேசையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

இதோடு, படுக்க இடமும் சாப்பாடும் தேடி வரும் ஊர்க்கார ஆண்கள் இரண்டு மூன்று பேர். இவர்களுக்கு 'போர்தான்தி' என்று பெயர், ஆங்கில 'போர்டர்' இத்தாலிய வாயில் புகுந்து வந்தது. அவர்கள் துணியையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான் துவைப்பார். பேச்சுக்கு இன்னும் இரண்டு சொல்: வேலை 'ஜோப்பா', கழிப்பறை 'பக்கவ்சா', 'பேக் ஹவுஸ்' என்பதன் மருவு. சிசிலியில் பாட்டியை 'நன்னா' என்பார்கள். 'நொன்னா' பொது இத்தாலியன்.

பணம் யார் கையில் என்பதை விட்டுவிடாதீர்கள். கணவரும் கல்யாணமாகாத பிள்ளைகளும் சம்பள உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து அவரிடம் கொடுப்பதே நல்ல குடும்பத்துக்கு அடையாளம். கைச்செலவுக்கு அவர்தான் எண்ணித் தருவார். குடும்பத்துக்கு உழைத்தார் என்று எழுதுவதைவிட அந்த உறையைக் காட்டுங்கள்.

அடுப்படி:
மூன்றாவது பாதிதான் சரி. சிசிலி கிராமத்து ஏழை வீட்டில் இறைச்சி கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஊர்ப் புனிதர் திருவிழா என்று வருடத்தில் சில நாள்தான். வாராவாரம் பானை நிறைய இறைச்சி போட்ட சாஸ், இறைச்சி மலிவாகக் கிடைத்த அமெரிக்காவில் வளர்ந்த பழக்கம். அம்மாவிடமிருந்து வந்தது 'ஸ்த்ராத்து': தக்காளிக் கூழை உப்புப் போட்டுப் பலகையில் பரப்பி, வெயிலில் நாள்கணக்காகக் கிளறிக் காயவைத்த விழுது. பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ தேறினால் அதிகம்.

எட்டுப் பேருக்கு அளவு: 800 கிராம் தக்காளி டின் மூன்று, விழுது 170 கிராம், பன்றிக் கழுத்தெலும்பு ஒரு கிலோ, சாசேஜ் அரைக் கிலோ, வெங்காயம் ஒன்று, பூண்டு நான்கு பல். உருண்டைக்குக் கொத்திறைச்சி அரைக் கிலோ, நீரில் ஊறவைத்துப் பிழிந்த பழைய ரொட்டி இரண்டு கை, முட்டை இரண்டு, துருவிய பெக்கோரினோ (செம்மறிப் பால் சீஸ்) 50 கிராம், பார்ஸ்லி.

எலும்பையும் சாசேஜையும் ஆலிவ் எண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்துவிடுங்கள். அதே எண்ணெயில் வெங்காயம், கடைசி அரை நிமிடம் பூண்டு. பூண்டு கருகினால் பானை முழுக்கக் கசக்கும், திருத்த வழியில்லை. பிறகு விழுதைச் செங்கல் நிறம் வரும்வரை ஐந்து நிமிடம் வதக்க வேண்டும். இதை விட்டால் மூன்று மணி நேரம் கொதித்தாலும் பச்சை வாசம் போகாது. தக்காளியை ஊற்றி, டின்னை அலசிய தண்ணீரையும் ஊற்றி, எலும்பையும் சாசேஜையும் திரும்பப் போட்டு, மூடியைச் சற்றே திறந்துவைத்து மூன்று மணி நேரம். குமிழ் ஒன்றிரண்டு எழுந்தால் போதும். உருண்டை கடைசி முக்கால் மணியில். ரொட்டி குறைந்தாலோ அழுத்திப் பிசைந்தாலோ கல்லாகிவிடும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால் ஆயிற்று.

அடிப்பிடித்தால் சுரண்டக்கூடாது. மேலாக ஊற்றி வேறு பானைக்கு மாற்ற வேண்டும். சில வீடுகளில் காசு போட்டால் எரியும் காஸ் மீட்டர் உண்டு. நடுவில் காசு தீர்ந்தால் அடுப்பு அணைந்துவிடும், காட்சிக்கு உதவலாம்.

பரிமாறும்போது சாஸ் கலந்த பாஸ்தா முதலில், இறைச்சி தனித்தட்டில் பிறகு. ஒரே தட்டில் இரண்டையும் குவிப்பது உணவகத்து வழக்கம்.

கப்பலேடு:
நான்காவது, கணவர் எப்போது குடியுரிமை வாங்கினார் என்பதைப் பொறுத்தது. 1922 செப்டம்பர் 22-க்கு முன் என்றால் மனைவிக்குத் தானாகவே கிடைத்தது. மணமான பெண்களின் குடியுரிமை பற்றி அன்று வந்த 'கேபிள் சட்டத்துக்கு'ப் பிறகு, அவர் தனியாக விண்ணப்பித்து ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். எழுத்து அறியாத பல பெண்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்படியானால் 1940-இல் வெளிநாட்டவராகக் கைரேகையோடு பதிவு. 1941 டிசம்பரில் போர் வந்ததும் 'எதிரி நாட்டவர்'. குடியுரிமை இல்லாத இத்தாலியர் சுமார் 6 லட்சம் பேர் இதில் அடக்கம். மகன் அமெரிக்க ராணுவத்தில் இருந்தாலும் விலக்கில்லை. பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவின் பெற்றோருக்கே இந்த நிலைமைதான். 1942 அக்டோபர் 12-இல் இத்தாலியருக்கு மட்டும் தளர்த்தினார்கள்.

பாட்டியின் அம்மாவும் வரப்போகிறார் என்றால் காலம் பார்த்துக்கொள்ளுங்கள். 1917-இன் எழுத்தறிவுத் தேர்வு, ஏற்கெனவே வந்தவர்களின் அம்மாவுக்கும் பாட்டிக்கும் கிடையாது. ஆனால் 1924 குடியேற்றச் சட்டம் இத்தாலிக்கு வருடத்துக்கு 3,845 இடம்தான் விட்டுவைத்தது.

தறிக்காரன்:
கணவர் 1925-இல் குடியுரிமை வாங்குவதாக மாற்றிவிட்டேன். பாட்டிக்கு அது இல்லை. வீட்டு வானொலியைப் போலீஸ் எடுத்துப்போகும் காட்சி சரிவருமா?

கப்பலேடு:
தொலைதூர வெளிநாட்டு நிலையங்களைப் பிடிக்கும் சிற்றலை வாங்கும் பெட்டி என்றால் மட்டும். உள்ளூர் நிலையம் மட்டும் கேட்கும் பெட்டிக்குத் தடையில்லை. நிறையப் பெட்டிகளில் இரண்டும் இருந்ததால், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சிற்றலைச் சுருளைக் கழற்றி வைத்துக்கொண்டவர்களும் உண்டு. கேமராவையும் ஒப்படைக்க வேண்டும், அதையும் அந்தக் காட்சியில் சேருங்கள்.