மழைக்காலத்தில் சினைச் செம்மறிகளின் எடை கூடவில்லை: கவலைப்பட வேண்டுமா?

கேள்வி (மன்னார்குடிப் பக்கம்):
எங்கள் பட்டியில் ஆனிக் கடைசியில் சினைப்பட்ட செம்மறிகள் 14 உள்ளன. சம்பா நடவு முடிந்ததிலிருந்து வரப்பையும் வாய்க்கால் கரையையும் தவிர மேய்ச்சலுக்கு வேறு இடமில்லை. ஐப்பசித் தொடக்கத்தில் நிறுத்தபோது சராசரி 27 கிலோ இருந்தது. கார்த்திகை நடுவிலும் அதே 27 கிலோதான். எடை குறையாததால் தீவனச் செலவு வேண்டாம் என்கிறார் அப்பா. ஆனால் தொட்டுப் பார்த்தால் முதுகெலும்பு முன்னைவிடக் கூராகத் தட்டுப்படுகிறது. எதை நம்புவது?

பதில் 1:
முதுகெலும்பை நம்புங்கள். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 முதல் 150 நாள். கருவின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரங்களில்தான் நடக்கிறது, உங்கள் பட்டியில் அந்த ஆறு வாரமும் அடைமழையில் விழுந்திருக்கிறது. குட்டி, பனிக்குடநீர், நஞ்சுக்கொடி எல்லாம் சேர்ந்து இதற்குள் ஏறியிருக்க வேண்டிய எடை தராசில் காணவில்லை என்றால், அந்த அளவுக்குத் தாய் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்திருக்கிறது என்று பொருள். வளரும் கரு இரைப்பையை நெருக்குவதால் ஆட்டால் ஒரே வேளையில் அதிகம் தின்னவும் முடியாது. மழைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர். 27 கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்கு வேண்டிய ஒரு கிலோ அளவிலான உலர்பொருளை (நீர் நீங்கலான தீவனத்தை) அதிலிருந்தே பெற ஐந்து கிலோ புல் மேய வேண்டும், அரைநாள் கொட்டகையில் நிற்கும் ஆட்டுக்கு அது எட்டாது.

பதில் 2:
மேய்ச்சலுக்குப் பதிலாக வைக்கோல் மட்டும் போட்டால் போதாது. அதில் புரதம் மிகக் குறைவு; வயிறு நிரம்பும், அவ்வளவே. உளுந்துப் பொட்டு, கடலைக்கொடி கைவசம் இருந்தால் அவற்றையும், அகத்தி, வேலிமசால், கல்யாண முருங்கைத் தழைகளையும் கொடுங்கள். தவிடு, உடைத்த மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு கலந்த அடர்தீவனத்தைச் சிறிதாகத் தொடங்கி, ஒரு வாரத்தில் 200 கிராமுக்கு உயர்த்தலாம். இராமநாதபுரத்துக் கீதாரிகள் (மந்தையோடு ஊர் ஊராகப் போகும் ஆட்டுக்காரர்கள்) சம்பா அறுவடைக்குப் பின்தான் இங்கே வயலில் கிடை போட வருகிறார்கள். நனைந்த டெல்டாவில் ஆட்டுக்கு மேய்ச்சல் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு தீவனத்தை மறுத்துத் தனியே நின்றாலோ தள்ளாடினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சினைக்கால ஊட்டக்குறைவில் அது உயிருக்கே ஆபத்து.

பதில் 3:
நத்தை மிகுந்த வாய்க்கால் கரையில் மேய்ந்த ஆட்டுக்குத் தட்டைப்புழுவும் எடையைத் தின்னும். சாணத்தைப் பரிசோதித்து, சினை ஆட்டுக்கு ஏற்ற மருந்தைக் கால்நடை மருத்துவரே தேர்ந்தெடுக்கட்டும். குடற்புழு மருந்துகள் எல்லாம் சினைக்கு ஒத்தவை அல்ல.

கேட்டவர்:
நன்றி. இன்று காலை மேய்ச்சலுக்கு விடுமுன் தனித்தனியே நிறுத்து, பழைய குறிப்புடன் ஒப்பிட்டேன். ஒன்பது ஆடுகள் சற்றே கூடியிருக்கின்றன, ஐந்து இரண்டு கிலோ வரை இறங்கியிருக்கின்றன. சராசரி இதை மறைத்துவிட்டது. அந்த ஐந்தையும் தனியே கட்டிவிட்டேன். பிண்ணாக்கு வாங்க அப்பாவே கிளம்பியிருக்கிறார்.